ஒருங்கிணைப்புத் தளம் – வழங்கியற்ற செயற்கூறு இணைப்பு

ஒருங்கிணைப்புத் தளம் – வழங்கியற்ற செயற்கூறு இணைப்பு என்பது, ஒரு நிறுவனத்தின் பல்வேறு மென்பொருள்களுக்கிடையே தரவைக் கொண்டுசெல்லும் ஒருங்கிணைப்புத் தளத்தையும், மேகக் கணிமையில் அழைக்கப்படும்போது மட்டும் இயங்கும் சிறு நிரல்களையும் ஒன்றோடொன்று பிணைக்கும் முறையாகும். தரவு எங்கிருந்து எங்கே, எந்த ஒழுங்கில் செல்லவேண்டும் என்பதைத் தளம் பார்த்துக்கொள்கிறது. தளத்தின் ஆயத்தக் கருவிகளால் செய்ய இயலாத கணக்கீடு, குறியாக்கம், வடிவமாற்றம் போன்றவற்றைச் செயற்கூறு செய்து தருகிறது. இத்துறையின் கண்காணிப்பு மென்பொருள்களில் பரவலாக அறியப்பட்ட சில கோயம்புத்தூரில் உருவாக்கப்படுகின்றன என்பதால், கொங்கு நாட்டின் கணினித் தொழில் வரலாற்றிலும் இதற்கு ஓர் இடம் உண்டு.

பின்னணி

ஒரு நிறுவனத்தில் கணக்கு, கிடங்கு, சம்பளம், கொள்முதல், வாடிக்கையாளர் தொடர்பு ஆகியவற்றுக்குத் தனித்தனி மென்பொருள்கள் இருப்பது வழக்கம். இவற்றை நேருக்கு நேர் இணைத்தால் இணைப்புகளின் எண்ணிக்கை விரைவில் கட்டுக்கடங்காமல் போகும். 6 மென்பொருள்கள் ஒவ்வொன்றும் மற்ற ஒவ்வொன்றுடனும் பேசவேண்டுமாயின் 15 இணைப்புகள் தேவை. 10 மென்பொருள்களாயின் 45 தேவை. நடுவில் ஒரு தளத்தை வைத்து, ஒவ்வொரு மென்பொருளையும் அத்தளத்துடன் மட்டும் இணைத்தால் 10 மென்பொருள்களுக்கு 10 இணைப்புகளே போதும். இதுவே ஒருங்கிணைப்புத் தளத்தின் அடிப்படை எண்ணம். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட பிஸ்டாக் சர்வர் இவ்வகை மென்பொருள்களில் ஒன்று. அது நிறுவனத்தின் சொந்த வழங்கிகளில் நிறுவப்படுவது. பின்னர் மியூல்சாஃப்ட், பூமி போன்றவையும், மைக்ரோசாஃப்டின் லாஜிக் ஆப்ஸ் சேவையும் (2016 முதல் பொதுப் பயன்பாட்டில்) இதே பணியை மேகக் கணிமையில் வாடகைச் சேவையாக வழங்கத் தொடங்கின.

வழங்கியற்ற கணிமை என்ற பெயர் சற்றுத் தவறான பொருளைத் தருவது. வழங்கிகள் இருக்கவே செய்கின்றன. அவற்றை வாங்குவது, இயக்குவது, பழுதுபார்ப்பது ஆகிய பொறுப்புகள் மட்டுமே பயனரிடம் இல்லை. பயனர் நிரலை மட்டும் எழுதி ஒப்படைக்கிறார். அழைப்பு வரும்போது மேகக் கணிமை நிறுவனம் அந்நிரலுக்கு ஓர் இயங்கிடத்தை ஒதுக்கி, ஓடவிட்டு, ஓடிய நேரத்துக்கும் பயன்படுத்திய நினைவகத்துக்கும் மட்டும் கட்டணம் பெறுகிறது. அமேசான் நிறுவனம் 2014 நவம்பரில் அறிவித்த லாம்ப்டா இவ்வகையில் பெருவழக்கு பெற்ற முதற் சேவை. மைக்ரோசாஃப்டின் அசூர் ஃபங்ஷன்ஸ் 2016 நவம்பரில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. கூகுளின் கிளவுட் ஃபங்ஷன்ஸ் 2018இல் அந்நிலையை எட்டியது.

கோயம்புத்தூருக்கு இம்மாற்றம் முற்றிலும் புதிதன்று. 1888இல் இங்கு எழுந்த முதல் நூற்பாலையின் காலத்தில் ஆலைகள் தமக்கான விசையை நீராவிப் பொறிகளைக் கொண்டு தாமே உண்டாக்கிக்கொண்டன. 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் சமவெளிக்கு வந்தபின், பொறியும் கொதிகலனும் இல்லாமலேயே ஆலை தொடங்க முடிந்தது. ஓடிய அளவுக்கு மட்டும் கட்டணம் செலுத்தினால் போதும். நகரில் ஆலைகள் பெருகியதற்கு அது முக்கியக் காரணமாயிற்று. அன்று விசைக்கு நேர்ந்தது இன்று கணிப்புத் திறனுக்கு நேர்கிறது எனலாம். ஆயினும் மின்சாரம் எந்த ஆலைக்குச் சென்றாலும் ஒன்றே. நிரலோ ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வேறு. உவமை இந்த எல்லை வரைதான் பொருந்தும்.

வேலைப் பங்கீடு

திருப்பூரின் பின்னலாடைத் தொழிலை அறிந்தவர்களுக்கு இவ்விணைப்பின் அமைப்பு எளிதில் விளங்கும். ஏற்றுமதியாளர் ஒருவர் எல்லா வேலையையும் ஒரே கூரையின்கீழ்ச் செய்வது அரிது. நூல் பின்னலுக்கு ஒரு நிட்டிங் கம்பெனி, சாயத்துக்கு ஒரு சாயப்பட்டறை, பிறகு காம்பாக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி என ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தில் ஜாப் ஒர்க் முறையில் நடைபெறும். எந்தத் துணி எப்போது எங்கே போகவேண்டும், எது திரும்பி வந்தது, எது வரவில்லை என்பதைக் கவனிப்பது ஏற்றுமதியாளரின் மெர்ச்சண்டைசர். பட்டறைக்குத் தன்னிடம் வந்த துணியும் அதனுடன் வந்த சீட்டும் மட்டுமே தெரியும். முழு ஆர்டரைப் பற்றி அது அறியவேண்டியதில்லை.

இங்கே ஒருங்கிணைப்புத் தளம் மெர்ச்சண்டைசரின் இடத்திலும், செயற்கூறு பட்டறையின் இடத்திலும் உள்ளன. இணைப்பின் தரம் பெரும்பாலும் இந்த எல்லைக்கோடு எங்கே வரையப்படுகிறது என்பதைப் பொறுத்தது. வணிக ஒழுங்கு முழுவதையும் செயற்கூறுக்குள் எழுதிவிட்டால், எந்த ஆவணம் எந்தப் படியில் நிற்கிறது என்பது தளத்தின் திரையில் தெரியாமல் போகும். மாறாக, சிக்கலான கணக்கீட்டைத் தளத்தின் படக்கட்டங்களைக் கொண்டே செய்ய முற்பட்டால், நூறு கட்டங்கள் கொண்ட, எவராலும் படிக்க இயலாத வரைபடமே மிஞ்சும். நடைமுறையில் இரண்டாவது தவறே மிகுதி. நிரல் எழுதாமலேயே எல்லாம் செய்யலாம் என்ற விளம்பரம் இதற்கு ஒரு காரணம்.

இணைப்பை ஏற்படுத்துதல்

செயற்கூறைத் தளம் அழைப்பதற்கு இரு வழிகள் உள்ளன. முதலாவது நேரடி அழைப்பு. செயற்கூறுக்கு ஒரு வலை முகவரி இருக்கும். தளம் அம்முகவரிக்கு எச்.டி.டி.பி. வேண்டுகோளை அனுப்பி, விடை வரும்வரை காத்திருக்கும். செய்தி பெரும்பாலும் ஜேசன் வடிவில் இருக்கும். இரண்டாவது வழியில் தளம் செய்தியை ஒரு வரிசையில் இட்டுவிட்டுத் தன் வேலையைத் தொடரும். வரிசையில் செய்தி வந்து சேர்ந்ததே செயற்கூறின் தூண்டியாக அமையும். அசூரில் சர்வீஸ் பஸ், அமேசானில் எஸ்.கியூ.எஸ். ஆகியவை இத்தகைய வரிசைகள். விடை உடனே தேவைப்படும் இடத்தில் முதல் வழியும், செய்தி தொலைந்துவிடக்கூடாது என்ற கவலை முதன்மையாக உள்ள இடத்தில் இரண்டாவது வழியும் ஏற்றவை.

அழைப்பவர் யார் என்று செயற்கூறு அறியவேண்டும். அறியாவிடில், முகவரியைத் தெரிந்துகொண்ட எவரும் அதை இயக்கிவிடலாம். அசூர் ஃபங்ஷன்ஸ் சேவையில் எளிய வழி, செயற்கூறுக்கென வழங்கப்படும் சாவியை வேண்டுகோளுடன் சேர்த்து அனுப்புவது. இச்சாவியை வலை முகவரியின் ஒரு பகுதியாக எழுதுவதற்கு வசதி உண்டு. ஆனால் முகவரிகள் பல இடங்களில் பதிவேடுகளில் எழுதப்படுவதால், தலைப்புப் பகுதியில் அனுப்புவதே நன்று. இதனினும் பாதுகாப்பானது நிர்வகிக்கப்பட்ட அடையாளம் எனப்படும் முறை. இதில் சாவியோ கடவுச்சொல்லோ எங்கும் எழுதி வைக்கப்படுவதில்லை. தளத்துக்கு மேகக் கணிமையே ஓர் அடையாளத்தை அளித்து, அவ்வடையாளத்துக்குச் செயற்கூறை அழைக்கும் உரிமை உண்டா என்று சரிபார்க்கிறது. அமேசானில் இதையொத்த பணியைப் பங்கு எனப்படும் உரிமைத் தொகுப்புகள் செய்கின்றன. தளம் ஒரு நிறுவனத்துடையதும் செயற்கூறு வேறொரு நிறுவனத்துடையதுமாக இருக்கும்போது இவ்வசதி எளிதில் கிடைப்பதில்லை. அங்கு ஓ-ஆத் 2.0 நெறிமுறையின்படி பெறப்படும் குறுகிய ஆயுள் கொண்ட டோக்கன்கள் பயன்படுகின்றன.

அடுத்து, இரு தரப்புக்கும் இடையே செல்லும் செய்தியின் வடிவம் எழுத்தில் வரையறுக்கப்பட வேண்டும். எந்தப் புலம் கட்டாயம், எது எண், எது எழுத்து, நாளின் வடிவம் யாது என்பனவற்றை ஒரு வரைவாக எழுதி, செய்தி வந்தவுடன் அதனுடன் ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம். நாளும் மாதமும் இடம் மாறிப் போவதால் விளையும் பிழைகள் இத்துறையில் மிகப் பழையவை, இன்னும் ஒழியாதவை.

எடுத்துக்காட்டு: மின்-விலைப்பட்டியல்

இந்தியாவில் இவ்விணைப்பு மிகப் பரவலாகத் தேவைப்படும் இடங்களுள் ஒன்று, இ-இன்வாய்ஸ் என வழங்கும் மின்-விலைப்பட்டியல். சரக்கு மற்றும் சேவை வரியின்கீழ், 2020 அக்டோபர் 1 முதல் ஆண்டு விற்றுமுதல் 500 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட நிறுவனங்களுக்கு இது கட்டாயமாயிற்று. வரம்பு படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 2022 அக்டோபரில் 10 கோடியாகவும், 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடியாகவும் ஆனது. கோயம்புத்தூரின் பம்பு, மோட்டார் உற்பத்தியாளர்கள், திருப்பூரின் ஏற்றுமதியாளர்கள், கரூரின் வீட்டு உபயோகத் துணி நிறுவனங்கள் எனப் பல நடுத்தர நிறுவனங்கள் இதனால் இவ்வட்டத்துக்குள் வந்தன. இவற்றிற் பலவற்றில் தனிக் கணினிப் பிரிவு என்று ஒன்று இருப்பதில்லை.

விதிப்படி, விற்பவர் விலைப்பட்டியலின் விவரங்களை வரையறுக்கப்பட்ட ஜேசன் வடிவில் அரசின் விலைப்பட்டியல் பதிவுத் தளத்துக்கு அனுப்பவேண்டும். அத்தளம் சரிபார்த்து, 64 குறிகள் கொண்ட ஒரு பதிவு எண்ணையும், மின்கையொப்பமிட்ட கியூ.ஆர். குறியையும் திருப்பி அனுப்பும். இப்பதிவு இல்லாத விலைப்பட்டியல், மத்திய சரக்கு மற்றும் சேவை வரி விதிகளின் 48ஆம் விதிப்படி விலைப்பட்டியலாகவே கருதப்படுவதில்லை. வாங்குபவருக்கு உள்ளீட்டு வரிச் சலுகை கிடைப்பதும், சரக்கு வண்டி தடையின்றிச் செல்வதும் இதைச் சார்ந்தவை. ஆகவே இணைப்பு ஒரு மாலைப்பொழுது பழுதுபட்டால், பெட்டிகள் கட்டி முடிந்த பின்னும் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகவேண்டிய வண்டி ஆலை வாசலிலேயே நிற்க நேரும்.

திருப்பூரில் உள்ள ஒரு நடுத்தர ஏற்றுமதி நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். கணக்கு மென்பொருளில் விலைப்பட்டியல் பதிவானதும் ஒருங்கிணைப்புத் தளத்தின் இணைப்பி அதை எடுக்கிறது. வாடிக்கையாளர் விவரத்தை வேறொரு தரவுத்தளத்திலிருந்து சேர்க்கிறது. பின்னர்ச் செயற்கூறை அழைக்கிறது. செயற்கூறின் வேலை மூன்று வகைப்படும்.

முதலாவது, வடிவமாற்றம். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு இந்திய வரிப் பதிவு எண் இராது. அவ்விடத்தில் பதிவு பெறாதவர் என்பதைக் குறிக்கும் குறியீட்டையும், மாநிலக் குறியீடாக 96ஐயும், அஞ்சல் குறியீடாக 999999ஐயும் இடவேண்டும் என்பது வரைவின் விதி. பின்னலாடை டி-சட்டைக்கு 6109 எனத் தொடங்கும் சரக்குக் குறியீடு முழு நீளத்தில் உள்ளதா, வரிகளின் கூட்டுத்தொகை மொத்தத்துடன் ஒத்துப்போகிறதா என்பனவும் இங்கேயே பார்க்கப்படும்.

இரண்டாவது, குறியாக்கம். அரசுத் தளத்தின் இடைமுகம் வெறும் ஜேசனை ஏற்பதில்லை. முதலில் அடையாளம் காட்டி ஒரு டோக்கனையும் அமர்வுச் சாவியையும் பெற்று, அச்சாவியைக் கொண்டு செய்தியைக் குறியாக்கி அனுப்பவேண்டும். ஒருங்கிணைப்புத் தளங்களின் ஆயத்தக் கட்டங்களில் இத்தகைய குறியாக்கம் பொதுவாக அமைவதில்லை என்பதே இங்குச் செயற்கூறு தேவைப்படுவதற்கு முதற்காரணம். டோக்கன் 6 மணி நேரம் செல்லும். செயற்கூறோ நினைவற்றது, ஓர் அழைப்பில் பெற்றதை அடுத்த அழைப்பில் வைத்திருக்கும் என்ற உறுதி இல்லை. எனவே டோக்கனைப் பொதுவான, பாதுகாப்பான ஒரு சேமிப்பிடத்தில் வைத்து, காலாவதியாகும்போது மட்டும் புதுப்பிக்கவேண்டும். மூன்றாவதாக, வந்த விடையைத் திறந்து, பதிவு எண்ணையும் குறியையும் தளத்திடம் ஒப்படைப்பது. அதைக் கணக்கு மென்பொருளில் எழுதுவது தளத்தின் வேலை.

நிலையான முகவரி

இவ்வெடுத்துக்காட்டில் பாடப்புத்தகங்களில் காணப்படாத ஒரு முட்டுக்கட்டை உண்டு. அரசுத் தளத்துடன் நேரடியாக இணையும் நிறுவனம், தான் எந்த இணைய நெறிமுறை முகவரியிலிருந்து அழைக்கும் என்பதை முன்கூட்டியே பதிவு செய்யவேண்டும். அம்முகவரி இந்தியாவில் உள்ளதாக இருக்கவேண்டும். ஆனால் வழங்கியற்ற செயற்கூறின் இயல்பே, அது எந்த வழங்கியில் ஓடும் என்பது நிலையற்றது என்பதுதான். காலையில் ஒரு முகவரியிலிருந்தும் மாலையில் வேறொரு முகவரியிலிருந்தும் வேண்டுகோள் புறப்படலாம். சோதனையின்போது சரியாக வேலை செய்த இணைப்பு சில நாள்களில் காரணமின்றி நின்றுபோவதற்கு இது ஒரு பொதுக் காரணம்.

இதற்குத் தீர்வு, செயற்கூறைத் தனியார் மெய்நிகர் வலையமைப்புக்குள் வைத்து, அதன் வெளிச்செல்லும் போக்குவரத்து முழுவதையும் நிலையான முகவரி கொண்ட ஒரு வாயில்வழியே அனுப்புவது. செயற்கூறு இந்திய மண்டலத்தில் அமையவேண்டும் என்பதும் இதனால் தெளிவாகும். மைக்ரோசாஃப்ட் 2015 செப்டம்பரில் சென்னை, புனே, மும்பை ஆகிய இடங்களில் தரவு மையங்களைத் திறந்தது. அமேசான் மும்பையில் 2016இலும் ஐதராபாத்தில் 2022இலும் திறந்தது. நேரடி இணைப்புக்குப் பதிலாக, இதற்கென அனுமதி பெற்ற இடைநிலைச் சேவை நிறுவனங்கள் வழியாகச் செல்வது மற்றொரு தீர்வு. சிறிய நிறுவனங்கள் பெரும்பாலும் இதையே தேர்கின்றன.

மீண்டும் வரும் செய்திகள்

வலையமைப்பில் ஒரு வேண்டுகோளுக்கு விடை வராவிட்டால், வேண்டுகோள் போய்ச் சேரவில்லையா, அல்லது வேலை முடிந்து விடை மட்டும் தொலைந்ததா என்பதை அனுப்பியவர் அறிய முடியாது. ஆகவே தளங்கள் மீண்டும் முயல்கின்றன. லாஜிக் ஆப்ஸ் இயல்பு அமைப்பில், இடைவெளியைக் கூட்டிக்கொண்டே 4 முறை வரை மறுமுயற்சி செய்யும். வரிசைகளும் அவ்வாறே; குறைந்தது ஒருமுறை சேர்ப்போம் என்பதே அவற்றின் உறுதிமொழி, ஒரே ஒருமுறை சேர்ப்போம் என்பதன்று. ஆதலால் செயற்கூறு ஒரே செய்தியை இருமுறை பெறும் நாள் கட்டாயம் வரும்.

இருமுறை செய்தாலும் ஒருமுறை செய்ததற்குச் சமமான விளைவே வரும் பண்பைக் கணிதத்தில் தன்னடுக்கு என்பர். செயற்கூறு இப்பண்புடன் எழுதப்பட வேண்டும். மின்-விலைப்பட்டியல் அமைப்பை வகுத்தவர்கள் இதைச் செம்மையாகக் கையாண்டுள்ளனர். விற்பவரின் வரிப் பதிவு எண், ஆவண வகை, ஆவண எண், நிதியாண்டு ஆகியவற்றிலிருந்து சுருக்கக் குறி முறையில் பதிவு எண் கணிக்கப்படுகிறது. எனவே ஒரே விலைப்பட்டியலை எத்தனை முறை அனுப்பினாலும் ஒரே எண்ணே வரும். இரண்டாம் முறை அனுப்புவதை, ஏற்கெனவே பதிவானது என்று கூறி அரசுத் தளம் மறுத்துவிடும்.

சிக்கல் அந்த மறுப்பை எவ்வாறு புரிந்துகொள்வது என்பதில் உள்ளது. முதல் முயற்சியில் பதிவு நடந்து விடை மட்டும் தொலைந்தது என்று கொள்வோம். இணைப்பு மறுமுயற்சி செய்கிறது, மறுப்பு வருகிறது. அம்மறுப்பைப் பிழை எனக் கொள்ளும் செயற்கூறு, விலைப்பட்டியல் பதிவாகவில்லை என்று கணக்கு மென்பொருளில் எழுதிவிடும். அதைக் காணும் ஊழியர், வண்டி காத்திருக்கும் அவசரத்தில் ஆவண எண்ணை மாற்றிப் புதிதாக ஒன்றைப் பதிவு செய்வார். இப்போது ஒரே விற்பனைக்கு இரு பதிவுகள். இரண்டும் நிறுவனத்தின் மாதக் கணக்கறிக்கையில் தாமாகவே வந்து அமர்ந்து, வரிப் பொறுப்பை இரட்டிப்பாகக் காட்டும். பதிவுத் தளத்தில் இரத்து செய்வதற்கு 24 மணி நேரமே அவகாசம். சரியான முறை, இந்த மறுப்பு வந்தவுடன் ஏற்கெனவே உள்ள பதிவின் விவரத்தை ஆவண எண்ணைக் கொண்டு கேட்டுப் பெற்று, அதையே வெற்றி விடையாகத் தளத்துக்கு அளிப்பதாகும். நிரலில் சில வரிகளே கூடும். ஆயினும் மறதியால் விடுபடும் வரிகளும் பெரும்பாலும் இவையே.

காலவரம்புகள்

நேரடி அழைப்பில் இரு தரப்பின் காலவரம்புகளும் ஒத்துப்போகவேண்டும். லாம்ப்டா செயற்கூறு அதிக அளவாக 15 நிமிடம் ஓடலாம். அசூர் ஃபங்ஷன்ஸின் நுகர்வுத் திட்டத்தில் இயல்பு வரம்பு 5 நிமிடம், உச்சம் 10 நிமிடம், ஆனால் எச்.டி.டி.பி. வழியாக அழைக்கப்பட்டால் 230 வினாடிக்குள் விடை தந்தாக வேண்டும். அழைக்கும் லாஜிக் ஆப்ஸ், நுகர்வுத் திட்டத்தில், 120 வினாடியே காத்திருக்கும். செயற்கூறு 3 நிமிடம் ஓடினால், தளம் தோல்வி என்று எழுதிக்கொண்டிருக்கும்போதே செயற்கூறு வேலையை வெற்றியுடன் முடித்துக்கொண்டிருக்கும். மேலே கூறிய இரட்டைப் பதிவுக்கு இதுவும் ஒரு வழி.

நீண்ட வேலைகளுக்கு, செயற்கூறு உடனே ஏற்றுக்கொண்டேன் என்பதைக் குறிக்கும் 202 என்ற விடையையும், நிலையை அறிய ஒரு முகவரியையும் தந்துவிட்டுப் பின்னணியில் வேலையைத் தொடர்வது வழக்கம். தளம் அம்முகவரியை அவ்வப்போது கேட்டுப் பார்க்கும். நெடுநேரம் அழைக்கப்படாத செயற்கூறு முதல் அழைப்புக்குச் சற்றுத் தாமதமாக விடையளிக்கும். இது குளிர்த் தொடக்கம் எனப்படும். ஆவணப் போக்குவரத்தில் இதனால் பெரிய தீங்கு இல்லை.

செலவு

லாம்ப்டா, அசூர் ஃபங்ஷன்ஸ் நுகர்வுத் திட்டம் ஆகிய இரண்டிலும் மாதந்தோறும் 10 இலட்சம் அழைப்புகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. மாதம் சில ஆயிரம் விலைப்பட்டியல் எழுதும் நிறுவனத்துக்குச் செயற்கூறின் செலவு ஏறத்தாழ இல்லை எனலாம். செலவு வேறிடத்தில் வருகிறது. நிலையான முகவரிக்கான வாயில், வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மணிக்கணக்கில் கட்டணம் பெறுவது. பயன்படுத்திய அளவுக்கு மட்டும் கட்டணம் என்ற கொள்கை அங்கே முறிந்துவிடுகிறது.

மற்றொரு செலவு தளத்தினுடையது. லாஜிக் ஆப்ஸ் நுகர்வுத் திட்டத்தில் ஒவ்வொரு கட்டம் இயங்குவதும் எண்ணப்படும். அளவும் நிறமுமாக 40 வரிகள் கொண்ட ஒரு விலைப்பட்டியலில், ஒவ்வொரு வரிக்கும் 5 கட்டங்கள் ஓடினால் 200 இயக்கங்கள் ஆகும். அதே வேலையைச் செயற்கூறிடம் முழுமையாக ஒப்படைத்தால் ஓர் இயக்கம் போதும். வேலைப் பங்கீட்டை முடிவு செய்வதில் இக்கணக்கும் சேர்ந்துகொள்கிறது.

கண்காணிப்பும் கோயம்புத்தூரும்

வரிசையிலிருந்து எடுக்கப்பட்ட செய்தி மீண்டும் மீண்டும் தோல்வியுற்றால், அது தனியாக ஒரு துணை வரிசைக்கு ஒதுக்கப்படும். சர்வீஸ் பஸ் சேவையில் இயல்பாக 10 முறைக்குப் பின் இவ்வாறு நேரும். முகவரி காணாத கடிதங்களை அஞ்சல் துறை ஒதுக்கி வைப்பதைப் போன்றதாகையால், இதற்கும் அஞ்சல் துறைச் சொல்லே வழங்குகிறது: டெட் லெட்டர் வரிசை. ஒதுக்கப்பட்ட செய்தி தொலைவதில்லை. ஆனால் எவரும் எடுத்துப் பார்க்காதவரை அங்கேயே கிடக்கும். இணைப்பு அமைத்த முதல் வாரத்தில் எல்லாரும் பார்ப்பர். ஆறாம் மாதத்தில் யார் பார்ப்பார் என்பதே கேள்வி.

இக்கேள்வியைத் தொழிலாகக் கொண்ட நிறுவனம் கோவை.கோ. லண்டனில் பிஸ்டாக் துறையில் பணியாற்றிவந்த சரவணகுமார் 2011இல் இதைத் தொடங்கினார். பெயர், கோயம்புத்தூரின் சுருக்கப் பெயரிலிருந்து வந்தது. மென்பொருள் உருவாக்கம் கோயம்புத்தூரில் நடைபெறுகிறது. அதன் முதல் மென்பொருளான பிஸ்டாக்360, ஒரு நடைமுறைக் குறையிலிருந்து பிறந்தது. அக்காலத்தில் ஒரு செய்தி எங்கே நிற்கிறது என்று பார்ப்பதற்கே நிர்வாகிகள் வழங்கிக்குள் தொலைவிலிருந்து நுழையவேண்டியிருந்தது; நுழைந்தவர் எதை மாற்றினார் என்பதற்குச் சரியான பதிவும் இராது. பிஸ்டாக்360 இவற்றை உலாவியில் திறக்கும் ஒரே திரைக்குக் கொண்டுவந்து, யாருக்கு எதைப் பார்க்க உரிமை, யார் எதைச் செய்தார் என்பனவற்றையும் பதிவு செய்தது.

ஒருங்கிணைப்பு மேகத்துக்கு மாறியபோது வேறொரு குறை தோன்றியது. பிஸ்டாக்கில் ஒரே இடத்தில் இருந்த இணைப்பு, அசூரில் லாஜிக் ஆப்ஸ், செயற்கூறு, வரிசை, சேமிப்பிடம் எனப் பல துண்டுகளாகச் சிதறியது. ஒவ்வொரு துண்டுக்கும் தனித் திரை உண்டு; எல்லாத் துண்டுகளும் சேர்ந்து எந்த வணிக வேலையைச் செய்கின்றன என்பதைக் காட்டும் திரை இல்லை. கோவை.கோ உருவாக்கிய சர்வர்லெஸ்360, சிதறிய துண்டுகளை ஒரே வணிகப் பயன்பாடாகத் தொகுத்துக் காட்டவும், ஒதுக்கப்பட்ட செய்திகளைப் பார்த்துத் திருத்தி மீண்டும் அனுப்பவும், ஓர் ஆவணம் தொடக்கம் முதல் முடிவு வரை சென்ற வழியைத் தொடரவும் வகைசெய்தது. இது பின்னர் டர்போ360 எனப் பெயர் மாற்றப்பட்டது. 2025இன் தொடக்கத்தில் இந்நிறுவனம் தன் நீண்டகால ஊழியர்கள் 140 பேருக்கு ஏறத்தாழ 14 கோடி ரூபாய் ஊக்கத்தொகை அளித்தது நாளிதழ்களில் செய்தியாயிற்று.

இத்தகைய கருவி இல்லாத இடத்திலும் செய்யத்தக்கது ஒன்று உண்டு. ஆவணம் தளத்துக்குள் நுழையும்போதே அதற்கு ஒரு தொடர் எண்ணை இட்டு, அவ்வெண்ணைச் செயற்கூறு உட்பட எல்லாத் துண்டுகளும் தத்தம் பதிவேட்டில் எழுதுமாறு செய்வது. சரக்குடன் கூடவே பயணிக்கும் சீட்டைப் போன்றது இது. இவ்வெண் இல்லையேல், தோல்வியுற்ற ஓர் ஆவணத்தைப் பல பதிவேடுகளில் நேரத்தை மட்டும் வைத்துத் தேடவேண்டியிருக்கும்.

தமிழ்நாட்டின் மற்றொரு பெரிய மென்பொருள் நிறுவனமான சோகோவும் இவ்விரு கூறுகளையும் தன் சொந்தப் பெயரில் வழங்குகிறது. சோகோ ஃப்ளோ ஒருங்கிணைப்புத் தளம். கேட்டலிஸ்ட் வழங்கியற்ற கணிமைச் சேவை. ஃப்ளோவுக்குள் டெலூஜ் எனும் சோகோவின் நிரல்மொழியில் சிறு செயற்கூறுகளை எழுதவும் இயலும்.

பழைய தளங்களின் மாற்றம்

மைக்ரோசாஃப்ட் 2020இல் வெளியிட்ட பிஸ்டாக் சர்வர் 2020 அதன் கடைசிப் பதிப்பு என அறிவிக்கப்பட்டுள்ளது. அதற்கான முதன்மை ஆதரவு 2028 ஏப்ரல் வரையும், நீட்டிக்கப்பட்ட ஆதரவு 2030 ஏப்ரல் வரையும் உண்டு. பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் இணைப்புகளை அதற்குள் லாஜிக் ஆப்ஸ் போன்ற சேவைகளுக்கு மாற்றவேண்டும். பிஸ்டாக்கின் வழித்தடங்களில் சி ஷார்ப் மொழியில் எழுதிப் பொதிந்து வைக்கப்பட்ட நிரல்கள் இம்மாற்றத்தில் பெரும்பாலும் செயற்கூறுகளாக மறுபிறவி எடுக்கின்றன. பழைய வழங்கியின் நினைவகத்திலும் வட்டிலும் தரவு இருக்கும் என்று நம்பி எழுதப்பட்ட நிரல்களை அப்படியே பெயர்க்க இயலாது. நினைவற்ற சூழலுக்கு ஏற்ப அவற்றைத் திருத்தி எழுதவேண்டும்.